மிகயில் ஜ்வனெட்ஸ்கி: பாதி வாக்கியத்தில் நிறுத்தியவர்

கேள்வி: சோவியத் காலத்து ரஷ்யாவில் மேடையில் தனியாக நின்று நகைச்சுவை பேசியவர்கள் இருந்தார்களா? ஆட்சியைக் கிண்டல் செய்துவிட்டு எப்படித் தப்பினார்கள்? ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கையையும் நகைச்சுவையையும் விளக்க முடியுமா?

இருந்தார்கள். டிக்கெட் கிடைக்காமல் அரங்கு வாசலில் கூட்டம் நிற்கும் அளவுக்குப் புகழோடு இருந்தார்கள். ஸ்டாண்ட்-அப் என்ற சொல் அங்கே பின்னாளில்தான் வந்தது. அதற்கு முன் அந்த மேடைக்கு எஸ்த்ராதா என்று பெயர். பாட்டு, நடனம், வித்தை, பேச்சு எல்லாம் ஒரே மாலையில் வரும் பல்சுவை மேடை அது. அதில் பேச்சுக்காரர்களுக்குத் தனி மரியாதை. அர்க்காடி ரைக்கின், கெனாடி கஸானவ், மிகயில் ஸதோர்னவ் என்று பெரிய வரிசையே உண்டு. அதிலிருந்து ஒருவரைச் சொல் என்றால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் மிகயில் ஜ்வனெட்ஸ்கி.

நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த மாஸ்கோ வெளியீடுகள் வழியாகத்தான் நம்மில் பலருக்குச் சோவியத் நாடு அறிமுகம். தல்ஸ்தோய் வந்தார், செகாவ் வந்தார், கார்க்கி வந்தார். இந்த மேடைக்காரர்கள் வரவில்லை. அவர்கள் எழுதியதில் பாதி குரலில் இருந்தது. அதை அட்டை போட்டுக் கட்டி அனுப்ப வழியில்லை.

"ரஷ்யாவில்" என்று நீங்கள் கேட்டதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜ்வனெட்ஸ்கி பிறந்தது கருங்கடல் ஓரத்து ஒடெசாவில், 1934 மார்ச் 6. இன்று அது உக்ரைன். குடும்பம் யூதக் குடும்பம். அப்பா, அம்மா இருவருமே மருத்துவர்கள். மொழி ரஷ்ய மொழி, ஆனால் ஒடெசாக்காரர்களின் ரஷ்ய மொழி. அதில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷும் உக்ரைன் மொழியும் கலந்திருக்கும். வாக்கியம் ஒரு பக்கம் போகிற மாதிரி போய் இன்னொரு பக்கம் திரும்பும். கேள்விக்குக் கேள்வியே பதிலாக வரும். அந்த ஊரில் நடுமுற்றத்தைச் சுற்றி வீடுகள். மரத்தாழ்வாரத்தில் நின்று பேசினால் முற்றம் முழுக்கக் கேட்கும். யார் வீட்டில் என்ன சமையல், யார் யாரோடு பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட முற்றத்தில் வளர்ந்தவருக்குக் காது கூர்மையாக இருப்பதில் வியப்பில்லை.

போர்க்காலத்தில் குடும்பம் மத்திய ஆசியாவுக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்ததும் ஒடெசாவுக்குத் திரும்பினார்கள். ஒடெசாவின் கடல்துறைப் பொறியியல் கல்லூரியில் படித்து 1956-இல் பட்டம் வாங்கினார். வேலை துறைமுகத்தில்: சரக்கு ஏற்றி இறக்கும் கிரேன்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். எட்டு ஆண்டு போல அந்த வேலையில் இருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எட்டு ஆண்டையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது தவறாகப்படுகிறது. அவருடைய பாத்திரங்கள் பேசும் பேச்சு எழுத்தாளர் சங்கத்தில் கேட்டதல்ல. ஃபோர்மன், கிடங்குக் காவலாளி, லாரி ஓட்டுநர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் குட்டி அதிகாரி என்று அந்தத் துறைமுகத்தில் நாள்தோறும் கேட்டது. "தொழிலாளி வர்க்கம்" என்று பத்திரிகைகள் எழுதிய ஆட்கள் உண்மையில் எப்படி வாய் திறந்து பேசினார்கள் என்று தெரிய வேண்டுமா, பத்திரிகையை மூடி வைத்துவிட்டு இவரைக் கேட்க வேண்டும்.

கல்லூரி நாட்களிலேயே 'பர்னாஸ்-2' என்ற மாணவர் நாடகக் குழு. அதில் இரண்டு பேர் கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் விக்டர் இல்ச்செங்கோ; அதே கல்லூரிக்காரர், உயரமானவர், அமைதியாகப் பேசுபவர். மற்றவர் ரோமான் கார்ட்செவ். தையல் ஆலையில் இயந்திரம் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர், குள்ளம், ஒரு நொடி சும்மா நிற்காத உடம்பு. கார்ட்செவின் உண்மையான குடும்பப் பெயர் காட்ஸ். ஜ்வனெட்ஸ்கி எழுதுவார், இவர்கள் இருவரும் நடிப்பார்கள்.

அப்போது நாட்டிலேயே பெரிய நகைச்சுவைக் கலைஞர் ரைக்கின். லெனின்கிராடில் 1939-இலிருந்து அவருடைய குறுநாடக அரங்கு நடந்துவந்தது. முகமூடியும் ஒட்டு மூக்கும் மாற்றி, ஒரே மாலையில் பத்துப் பேராக மாறக்கூடியவர். அவர் ஒடெசா வந்தபோது இந்த இளைஞர்களைப் பார்த்தார். முதலில் கார்ட்செவை அழைத்துக்கொண்டார், பிறகு இல்ச்செங்கோவை, 1964-இல் ஜ்வனெட்ஸ்கியை. துறைமுக வேலையை விட்டுவிட்டு லெனின்கிராடுக்குப் போனவர் வாடகை அறையில் குடியிருந்து ரைக்கினுக்காக எழுதிக் குவித்தார்.

அந்தக் காலத்து எழுத்தில் ஒன்றை மட்டும் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். பற்றாக்குறையைப் பற்றியது. ரைக்கின் ஒரு சின்னக் கடைக்கார வியாபாரியாக, தெற்கத்தி உச்சரிப்போடு வருகிறார். எல்லாம் எல்லாருக்கும் கிடைக்கும் காலம் வரப்போகிறதாமே என்று கவலைப்படுகிறார். கிடைத்தால் என்ன ஆகும்? இன்று நாடகத்துக்குப் போனால் முதல் வரிசையில் யார்? கிடங்கு மேலாளர், கடை மேலாளர், அவர்களுக்குப் பின்னால் சரக்கு மதிப்பீட்டாளர். ஊரே அவர்களுக்கு வணக்கம் வைக்கிறது. கடைகளில் சரக்கு குவிந்துவிட்டால் அவர்களை யார் மதிப்பார்கள்? ஆகையால், எல்லாம் இருக்கட்டும், ஆனால் ஏதாவது ஒன்று மட்டும் கிடைக்காமலே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறார். பின்வாசல் வழியாகக் கிடைத்த ஒரு பண்டத்தைச் சப்புக்கொட்டித் தின்கிற இடத்தில் அதன் ருசி "தனி" என்கிறார். மக்கள் நாற்பது ஆண்டு கழித்தும் அந்தச் சொல்லை அதே உச்சரிப்பில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதில் அரசின் மேல் ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்சியின் பெயரோ தலைவரின் பெயரோ இல்லை. கேலி ஊழல் வியாபாரியின் மேல். "தனிப்பட்ட குறைகளைச் சாடுகிறோம்" என்று தணிக்கை அதிகாரி மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்ளலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கோ வேறொன்று தெரியும். அவர் காலில் போட்டிருக்கும் செருப்பு அப்படிப் பின்வாசலில் வந்தது. அந்த நாட்டில் யாரும் ஒரு பொருளை "வாங்கினேன்" என்று சொல்வதில்லை. "கைக்கு எட்டச் செய்தேன்" என்ற பொருள்படும் வேறு வினைச்சொல் இருந்தது, அதைத்தான் சொல்வார்கள். காசு சட்டைப்பையில் இருக்கும், சரக்கு இருக்காது. வழியில் எங்காவது திடீரென்று வரிசை தெரிந்தால் நின்றுவிடலாமே என்று வலைப்பை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்திருப்பார்கள். அதற்கு 'அவோஸ்கா' என்று பெயர். 'ஒருவேளை' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியதே ரைக்கினின் மேடைதான் என்பார்கள்.

இன்னொரு புகழ்பெற்ற துண்டு, கார்ட்செவும் இல்ச்செங்கோவும் நடித்தது: ஒரு மாணவனின் பெயர் 'அவாஸ்'. ரஷ்ய மொழியில் அதையே 'அ வாஸ்' என்று பிரித்தால் "உங்கள் பெயர்?" என்று திருப்பிக் கேட்பது போலாகும். பேராசிரியர் மாணவனிடம் பெயர் கேட்கிறார். அவன் "அவாஸ்" என்கிறான். அவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "அ வாஸ்?" என்கிறார். அவன் "அவாஸ்" என்கிறான். மறுபடியும் அவர் தன் பெயரைச் சொல்கிறார். சொல் விளையாட்டு இவ்வளவுதான், இதைச் சிறுவர் மலர் துணுக்காகவே போடலாம். ஜ்வனெட்ஸ்கி அதற்கு மேல் ஒரு மாடி கட்டினார்: இந்தக் கதையை ஒருவர் நண்பருக்குச் சொல்கிறார், பேராசிரியர் எவ்வளவு மந்தம் பார் என்று. கேட்கும் நண்பருக்கும் அது பிடிபடவில்லை. "சரி, அந்தப் பையன் பெயர் என்ன?" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சொல்பவர் கொதிக்கிறார், மூச்சு வாங்குகிறார், முதலிலிருந்து தொடங்குகிறார். மேலிடத்துக்கு ஒரு எளிய விஷயத்தைப் புரியவைக்க முயன்று தோற்ற ஒவ்வொருவரும் அந்தக் கொதிப்பில் தன்னைப் பார்த்தார்கள்.

ரைக்கினோடு உறவு நீடிக்கவில்லை. ஜ்வனெட்ஸ்கி தானே மேடையேறித் தன் எழுத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார். பெயர் வெளியே பரவியது. 1960-களின் முடிவில் ரைக்கின் அவரை விடுவித்துவிட்டார். வேலையில்லாமல் ஒடெசாவுக்குத் திரும்பினார். நண்பர்கள் இருவரும் ரைக்கினின் அரங்கை விட்டு அவரோடு வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய மேடையைவிட்டு, எழுதுபவனுக்காக இரண்டு நடிகர்கள் கிளம்பி வந்தார்கள் என்பது எனக்கு அவர்கள் கதையிலேயே மனதில் நிற்கும் இடம். 1970-இல் ஒடெசாவில் மூவரும் சேர்ந்து சொந்தக் குறுநாடக அரங்கு தொடங்கினார்கள். அந்த ஆண்டு கோடையில் ஊரில் காலரா, நகரமே தனிமைப்படுத்தப்பட்டது. அப்படித்தான் தொடக்கம்.

இனி, அவர் எழுத்தின் உள்ளே எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இரண்டு நிமிடத்தைச் சொல்கிறேன். ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருந்த நாட்களில் அதை முதன்முதலாகக் கேட்டேன். அகராதி வேண்டியிருக்கவில்லை, எல்லாம் முதல் பாடப் புத்தகத்துச் சொற்கள். ஆனால் அரங்கு எதற்கு அப்படிக் குலுங்குகிறது என்று பிடிபடவில்லை. பல தடவை கேட்ட பிறகுதான் திறந்தது.

அதன் பெயர் 'ராக்கி'; தமிழில் ஆற்று இறால் என்று சொல்லலாம். நம்மூர் சிங்கி இறாலின் சின்னத் தம்பி போல இருக்கும் நன்னீர்ப் பிராணி. உப்பும் சதகுப்பையும் போட்டு அவித்து பீரோடு தின்பார்கள். ஒடெசாச் சந்தையில் பிரசித்தம். கார்ட்செவ் மேடைக்கு வந்து சொல்வது இதுதான்: நேற்று ஆற்று இறால் பார்த்தேன், ஐந்து ரூபிள், ஆனால் பெரியது. பெரியதுதான், ஆனால் ஐந்து. இன்று மூன்று ரூபிள், ஆனால் சிறியது. சிறியது, ஆனால் மூன்று. நேற்று ஐந்து, ஆனால் பெரியது. இப்படியே போகிறது. வேறு கதை இல்லை, வேறு ஆள் இல்லை. ஒரு இளம் பொறியாளர் மாதம் 120 ரூபிள் அளவில் வாங்கிய காலத்தில் ஐந்து ரூபிள் என்பது யோசிக்க வேண்டிய தொகை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் 'ஆனால்' இடம் மாறுகிறது. "பெரியது, ஆனால் ஐந்து" என்பதில் அவர் தன் சட்டைப்பைக்கு ஆறுதல் சொல்கிறார். "ஐந்து, ஆனால் பெரியது" என்பதில் நாக்கு சண்டைக்கு வருகிறது. "மூன்று, ஆனால் சிறியது" என்னும்போது தோள் தொங்குகிறது. ஒரு கட்டத்தில் விலையோடும் அளவோடும் நாளும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பெரியவை, "ஆனால் நேற்று" என்கிறார். பெரியவை, ஐந்து ரூபிள், ஆனால் நேற்று.  அது காதில் விழுந்த நொடியில் அரங்கில் சிரிப்போடு ஒரு பெருமூச்சும் கேட்கும், பழைய பதிவுகளில் தெளிவாகவே கேட்கும். கைக்கு எட்டிய நாளில் காசில்லை, காசு வந்த நாளில் அது போய்விட்டது. நல்ல இறால் நேற்றே முடிந்துவிட்டது. இதை ஒரு அரசியல் கூட்டத்தில் பேசினால் வழக்கு வரும். இறால் விலை பேசினால் என்ன வழக்கு போடுவது?

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு, "எப்படித் தப்பினார்கள்" என்பதற்கு, என் பதில் இதில்தான் இருக்கிறது. சோவியத் நாட்டில் மேடையில் சொல்லப்படும் எந்த வரியும் முன்கூட்டியே தட்டச்சுச் செய்து தணிக்கைத் துறைக்குப் போக வேண்டும். அந்தத் துறைக்கு 'கிளாவ்லிட்' என்று பெயர், 1922-இலிருந்து இருந்தது. முத்திரை விழுந்தால்தான் மேடை. முத்திரை விழாததைப் பேசினால் ஊருக்கு ஊர் தடை வரும், கச்சேரி ரத்தாகும், சோறு போகும். ஜ்வனெட்ஸ்கி தணிக்கையாளரைத் தாண்டக் கண்டுபிடித்த வழி, தாளில் எழுதுவதையே குறைத்துக்கொண்டது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார். மீதிப் பாதியை அரங்கு முடித்துக்கொள்ளும். தாளில் இல்லாததை எப்படி அடிப்பது? தணிக்கையாளர் படித்துப் பார்த்தால் இறாலும் விலையும் இருக்கும். மேடையில் கேட்டால் நாடே இருக்கும். ஆகவே அவருடைய நகைச்சுவைக்குக் கூட்டாளி கேட்பவர்தான். அந்த வாழ்க்கையை வாழாதவருக்கு மீதிப் பாதி தெரியாது. எனக்கு முதல் தடவை சிரிப்பு வராததன் காரணமும் அதுதான்.

அதற்காக அவர் பாதுகாப்பாக வாழ்ந்தார் என்று நினைக்க வேண்டாம். பல ஆண்டுகள் பெரிய அரங்குகள் கிடைக்கவில்லை. ஆய்வு நிலையங்களின் மன்றங்களிலும் விஞ்ஞானிகள் சங்கக் கட்டடங்களிலும், அழைப்பின் பேரில் சின்னக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டுவார். அங்கே யாராவது ஒரு டேப் ரெக்கார்டரை மேசையடியில் வைத்திருப்பார்கள். அந்த நாடா நகலாகி, நகலின் நகலாகி, வ்லதீமிர் வீசோட்ஸ்கியின் பாட்டுகள் பரவிய அதே வழியில் சைபீரியா வரை போகும். புத்தகமாகவோ தொலைக்காட்சியிலோ அதிகம் வரவில்லை. முகம் தெரியாமலே அந்தக் குரலை நாடு முழுக்க அடையாளம் தெரிந்து வைத்திருந்தது. வேகமான, சற்று கீச்சென்ற, வாக்கியத்தின் வாலை விழுங்கிவிடும் குரல்.

மேடையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் தோல்பையைப் பற்றிச் சொல்வார்கள். அப்பாவுடைய பழைய பை, மூலைகள் தேய்ந்து நிறம் போனது. அதை மேசையில் வைத்துத் திறந்து கற்றையாகத் தாள்களை எடுப்பார். வட்டமான வழுக்கைத் தலை, வட்டமான வயிறு. மனப்பாடமாகப் பேச மாட்டார். தாளைப் பார்த்துத்தான் படிப்பார். படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்ப்பார். இன்றைய மேடை நகைச்சுவைக்காரருக்குத் தாளைப் பார்ப்பது குறையாகத் தெரியலாம். இவருக்கு அது தன்னை யார் என்று சொல்லும் அடையாளம்: நான் நடிகன் இல்லை, எழுதுபவன். எழுதுவது பற்றி அவர் சொன்ன ஒரு வரி ரஷ்யாவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. ரஷ்ய மொழியில் 'எழுது' என்ற வினையும் 'சிறுநீர் கழி' என்ற வினையும் எழுத்தில் ஒன்றுதான், அழுத்தம் விழும் இடம் மட்டும் வேறு. இரண்டையுமே இனி அடக்க முடியாது என்னும்போதுதான் செய்ய வேண்டும் என்பார்.

அவருடைய கேலியின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறாலை மட்டும் கேட்டால் மென்மையானவர் என்று தோன்றும். ஒரு துண்டில் வாழ்க்கை வரலாறுகளை வெறும் பட்டியலாக வாசிக்கிறார். இசைக் கல்லூரி, மேற்படிப்பு, மோசடி, நீதிமன்றம், சைபீரியா. அடுத்து: இசைக் கல்லூரி, தனி வகுப்பு, இன்னும் தனி வகுப்பு, பல்செட்டு, தங்கம், மர மேசை நாற்காலி, நீதிமன்றம், சைபீரியா. பட்டியல் எங்கே தொடங்கினாலும் அதே ஊரில் போய் முடிகிறது. கடைசியில் மிகப் பணிவாக ஒரு கேள்வி: ஒருவேளை இசைக் கல்லூரியில் ஏதாவது திருத்த வேண்டியிருக்குமோ? இன்றைக்கும் ரஷ்ய மொழி பேசுபவர்கள், அடிப்படை அழுகியிருக்கும்போது நுனியைத் தண்டிக்கும் எந்த நிர்வாகத்தைப் பார்த்தாலும் இதைச் சொல்வார்கள், "இசைக் கல்லூரியைக் கொஞ்சம் பார்க்கணுமோ" என்று. சொன்னவர் யார் என்று தெரியாமலே சொல்பவர்கள் உண்டு. எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது என்று நான் நினைக்கிறேன்.

"எதைக் காவல் காக்கிறாயோ அதுவே உன் சொத்து" என்பதும் அவருடையதுதான். ஆலைக் காவலாளி மாலையில் எதை மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று தெரிந்த எல்லாருக்கும் அது விளங்கும். "சிறிய அளவில் மது, எவ்வளவு குடித்தாலும் கேடில்லை" என்பதும் அவருடையது. இப்படி ஒற்றை வரிகளாக இணையத்தில் நூற்றுக்கணக்கில் உலவுகின்றன; அவர் சொல்லாததும் அவர் பெயரில் உலவுகின்றன. அவற்றை மட்டும் படித்துவிட்டு அவரைத் தெரிந்துகொண்டதாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். வரி தனியாக நிற்கும்போது பொன்மொழி ஆகிவிடுகிறது. அவர் எழுதியது பொன்மொழி இல்லை, மூச்சு.

கர்பச்சோவ் காலத்தில் கதவுகள் திறந்தன. 1988-இல் மாஸ்கோவில் குறுநாடக அரங்கு அவர் தலைமையில் வந்தது. இல்ச்செங்கோவும் கார்ட்செவும் அதிலும் இருந்தார்கள். தொலைக்காட்சி வந்தது, புத்தகங்கள் வந்தன. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லலாம் என்றானதும், பாதி வாக்கியக் கலைக்கு என்ன வேலை? எந்தச் செய்தித்தாளும் மீதிப் பாதியை முதல் பக்கத்தில் போடுகிறதே. அந்தத் தலைமுறைக் கேலிக்காரர்கள் எல்லாரும் இந்தச் சுவரில் மோதினார்கள். ஸதோர்னவ் வேறு வழியில் போனார். 1991 டிசம்பர் 31 இரவு, சோவியத் ஒன்றியமே கலைந்து சில நாட்களான நிலையில், நாட்டுத் தலைவர் பேச வேண்டிய புத்தாண்டு வாழ்த்தைத் தொலைக்காட்சியில் பேசியவர் அவர். நேரம் போனது தெரியாமல் பேசியதால் கிரெம்ளின் மணியோசையையே ஒரு நிமிடம் தள்ளி ஒலிபரப்பினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிற்பாடு அவர் அமெரிக்கர்களை மந்தர்கள் என்று கேலி செய்து கைதட்டல் வாங்கும் பக்கம் போய்விட்டார். எனக்கு அந்தக் காலத்து ஸதோர்னவ் பிடிப்பதில்லை. வெளியூர்க்காரனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எதிரே உட்கார்ந்திருப்பவனை அவனைப் பார்த்தே சிரிக்க வைப்பதுதான் கடினம்.

ஜ்வனெட்ஸ்கியின் பேச்சு அந்தக் காலத்தில் மெதுவானது. கடை நிறையச் சரக்கு வந்துவிட்டது, இப்போது காசு இல்லை. இறால் கதையின் இரண்டு பக்கமும் இடம் மாறிவிட்டன. முதுமை, பெண்கள், கடல், பிரிந்துபோன நண்பர்கள் என்று எழுதினார். 1970-களிலிருந்தே ஒடெசா யூதர்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்கும் நியூயார்க்குக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். முற்றங்கள் காலியாகின. உலகெங்கும் சிதறியவர்களுக்காக அமைந்த உலக ஒடெசாக்காரர் மன்றத்துக்கு அவர்தான் தலைவராக இருந்தார். 1992-இல் இல்ச்செங்கோ இறந்தார். மூவரில் ஒரு குரல் போன பிறகு கார்ட்செவ் பெரும்பாலும் தனியாகவே மேடையேறினார்.

2002-இலிருந்து பல ஆண்டுகள் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியில் 'நாட்டுக்கு இன்று பொறுப்பில் இருப்பவர்' என்ற பொருளில் வரும் ஒரு நிகழ்ச்சி. நேர்காணலாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பார், இவர் தோல்பையிலிருந்து தாள் எடுப்பார். இதைத்தான் பலர் அவர்மேல் குறையாகச் சொல்கிறார்கள். அரசு விருதுகளை வாங்கிக்கொண்டார், அரசுச் சானலில் உட்கார்ந்தார், 2014-க்குப் பிறகு தான் பிறந்த ஊரும் தான் வாழும் ஊரும் எதிரெதிர் நாடுகளானபோது உரக்க எதுவும் பேசவில்லை என்கிறார்கள். கோடைதோறும் ஒடெசாவுக்கு வந்து தங்கியவர், இரண்டு பக்கத்துக்கும் ஆறுதலாகவே பேசினார். இந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளிவிடமாட்டேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவரை எதிர்ப்பாளர் என்று எண்ணித் தொடங்கினால்தான் அது துரோகமாகத் தெரியும். அவர் எந்தக் காலத்திலும் எதிர்ப்பாளராக இருந்ததில்லை. சிறைக்குப் போனவர்கள் வேறு. அவர்களுடைய துணிவோடு இவரை ஒப்பிடக் கூடாது. இவர் செய்தது, அந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்துகொண்டு, அது எப்படி இருக்கிறது என்பதை அதை வாழ்பவர் வாயாலேயே சொல்லவைத்தது. வேறு யாரும் அதை அவ்வளவு துல்லியமாகச் செய்யவில்லை.

கார்ட்செவ் 2018 அக்டோபரில் மறைந்தார். ஜ்வனெட்ஸ்கி 2020 அக்டோபரில் இனி மேடை ஏறுவதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதம் 6-ஆம் தேதி மாஸ்கோவில் காலமானார். வயது 86.

கேட்டுப் பார்க்க விரும்பினால் கார்ட்செவின் ஆற்று இறாலிலிருந்து தொடங்குங்கள். அவர் பெயரோடு 'ராக்கி' என்று சேர்த்து யூடியூபில் தேடினால் கிடைக்கும். ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் ஆறு சொல் போதும். 'வ்செரா' என்றால் நேற்று, 'ஸெவோத்னியா' இன்று. 'பால்ஷியே' பெரியவை, 'மாலின்கியே' சிறியவை. 'பா பியாத்' ஐந்துக்கு, 'பா த்ரீ' மூன்றுக்கு. இவற்றோடு 'ஆனால்' என்பதற்கு 'நோ' என்று ஒரு சின்னச் சொல் வரும். அது விழும்போதெல்லாம் அவர் முகத்தைப் பாருங்கள். 'நோ வ்செரா' என்று காதில் விழும் இடம்தான் நான் சொன்ன 'ஆனால் நேற்று'. அந்த இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கூட்டத்தைக் கேளுங்கள்.